படக்கென்ற சத்தமும் இடம் மாறாத எலும்பும்

ஏலச்செடியின் தூரடியிலிருந்து தரையோடு படரும் சரத்தில்தான் காய் பிடிக்கும். அதனால் விடியுமுன் தேனி மாவட்டத்துக் கூடலூரில் ஜீப் ஏறி குமுளி மலைக்குப் போகும் பெண்கள், பொழுது சாயும்வரை குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுத்தாக வேண்டும். மலைக்குப் போகாமல் ஊரிலேயே வேலை பார்ப்பவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். அங்கே பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கவாத்து வெட்டுவதும் குலை அறுப்பதும் அண்ணாந்த கழுத்தோடும் தூக்கிய கையோடும் செய்கிற வேலை. இந்தப் பக்கத்துக்குச் சோறு போடும் இரண்டு பயிர்களில் ஒன்று இடுப்பைப் பிடிக்கிறது, மற்றது கழுத்தைப் பிடிக்கிறது. பிடித்துக்கொண்டால் முதலில் போவது சுளுக்கு எடுக்கிறவரிடம். அவர் எண்ணெய் தடவி நீவுவார், குப்புறவும் ஒருச்சாய்த்தும் படுக்க வைப்பார், முழங்காலை மடக்கி இடுப்பை ஒரு பக்கமும் தோளை மறுபக்கமுமாகத் திருப்பி ஒரு வெட்டு வெட்டுவார். படக்கென்று சத்தம் கேட்கும். ‘விலகி இருந்துச்சு, உள்ளே போயிருச்சு’ என்பார். கைத்தாங்கலாக வந்தவர் எழுந்து தானாக நடந்து போவார். பார்த்தவர்கள் யாரும் இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இதில் மூன்று செய்திகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: சத்தம் கேட்டது, வலி குறைந்தது, எலும்பு இடத்துக்குத் திரும்பியது. முதல் இரண்டும் நடந்தவை. மூன்றாவது, நடந்ததற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மூன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வழிகள் உண்டு. சோதித்தபோது முதல் இரண்டும் நின்றன, மூன்றாவது விழுந்தது.

இதே மூன்றும் மேலை நாட்டில் ‘ஆஸ்டியோபதி’ என்ற பெயரில் ஒரு முறையாக வளர்ந்திருக்கின்றன. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1864-இல் தன் குழந்தைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகளில் அவருக்கிருந்த நம்பிக்கை அதோடு போயிற்று. அந்தக் கால மருந்துகளில் பாதரசமும் அபினும் தாராளமாகக் கிடந்ததால், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எலும்புகள் இம்மியளவு விலகினாலும் ரத்த ஓட்டம் தடைபடும், அதுவே நோய்களுக்கு வேர், கையால் எலும்பைச் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கையை 1874-இல் அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் முன்பே இங்கிலாந்தில் நாட்டு எலும்பு வைத்தியர்கள் பேர் பெற்றிருந்தார்கள். டாக்டர்கள் கைவிட்டவர்களில் சிலர் இவர்களிடம் குணமாவதைப் பார்த்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், 1867-இல் அதையே பொருளாக வைத்து மாணவர்களுக்கு உரை நிகழ்த்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து வார்ட்டன் ஹூட் என்ற மருத்துவர், அப்படியொரு வைத்தியரிடமே தொழிலைக் கற்று, கற்றதை மருத்துவ இதழில் எழுதினார். கேலி செய்து ஒதுக்குவதை விட இது எவ்வளவோ மேலான வழி. நம் பக்கத்தில் எலும்பு முறிவு என்றால் ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டைச் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கும் ஒன்பது வகைத் தொக்கணமும், அதோடு வர்மமும் உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கைவழிச் சிகிச்சை என்று சொல்லலாம். ஒன்றின் கொள்கை இன்னொன்றில் இல்லை. கை செய்யும் வேலையில் மட்டும் பெரிய ஒற்றுமை இருக்கிறது.

‘ஆஸ்டியோபத்’ என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே ஆளைக் குறிப்பதில்லை. அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். பிரிட்டனில் அவர் கைவழிச் சிகிச்சையாளர். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் ஒடிசாவின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் போன்ற வெகு சில இடங்களில்தான் இது பாடமாக இருக்கிறது. பலகையில் இந்தச் சொல்லைப் பார்க்கிறவர், என்ன படித்தார், எங்கே எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்பதில் தவறில்லை. நன்றாகப் பயின்ற ஒருவரிடம் போனால் முதல் சந்திப்பில் பெரும்பகுதி பேச்சாகவே இருக்கும். வலி எப்போது வந்தது, எதனால் கூடுகிறது, இரவில் எழுப்புகிறதா, காலில் இறங்குகிறதா, வேறு என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்பார். பிறகு நிற்கவும் குனியவும் திரும்பவும் சொல்லிப் பார்ப்பார். முதுகைப் பார்க்க மேல்துணியைத் தளர்த்தச் சொல்லலாம். பெண்கள் துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளக் கேட்கலாம், எந்த இடத்திலும் வேண்டாம் என்று சொல்லவும் செய்யலாம். சிகிச்சையில் பாதிக்கு மேல் நீவுவதும் அழுத்துவதும் மெல்ல இழுப்பதுமே. நோயாளியைத் தன் பலத்தால் கையை எதிர்த்துத் தள்ளச் சொல்லித் தசையைத் தளர்த்தும் ஒரு வகையும் உண்டு. படக்கென்று வெட்டும் அந்த ஒரு நொடி எல்லோருக்கும் நடப்பதில்லை, அது கட்டாயமும் இல்லை. அடுத்த ஒன்றிரண்டு நாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பது சகஜம்.

இனி அந்தச் சத்தம். விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் இடுப்பில் கேட்பதும் ஒரே இனம், ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வசதியான விரலை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எலும்பு முனைகளுக்கு இடையே, உறை ஒன்றுக்குள், வழவழப்பான மூட்டுத் திரவம் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது, பெரும்பாலும் கரியமில வாயு. 1947-இல் லண்டனில் இருவர் விரல் மூட்டை மெல்ல இழுத்தபடியே எக்ஸ்ரே எடுத்தார்கள். இழுவை கூடிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் எலும்புகள் சட்டென்று விலகின, சத்தம் கேட்டது, அதன்பின் படத்தில் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் தெரிந்தது. சோடாப் பாட்டிலைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த வாயு குமிழியாகிறதல்லவா, மூட்டுக்குள் நடப்பதும் அதுதான். 1971-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் குமிழி உடைவதே சத்தம் என்றார்கள். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஓடும் எம்.ஆர்.ஐ. படத்தில் பத்து விரல் மூட்டுகளைப் பார்த்தவர்கள், குமிழி உருவாகும் கணத்திலேயே சத்தம் வருகிறது, சத்தத்துக்குப் பிறகும் குமிழி இருக்கிறது என்றார்கள். 2018-இல் வினீத் சந்திரன் சுஜாவும் அப்துல் பரக்காத்தும் கணித மாதிரி போட்டு, குமிழி முழுதாக உடையாமல் பாதி சுருங்கினாலே அந்தச் சத்தம் எழும் என்று காட்டினார்கள். உருவாவதா, சுருங்குவதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் வழக்காடும் இரு தரப்பும் ஒத்துக்கொள்வது, சத்தம் வாயுவின் வேலை என்பது. ஒருமுறை சொடக்கு எடுத்த விரலில் ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு மறுபடி சொடக்கு வராமலிருப்பதற்குக் காரணமும் இதுவே: வாயு மீண்டும் கரைய நேரம் வேண்டும். எலும்பு ‘உள்ளே போன’ சத்தமாக இருந்தால், இருபது நிமிடம் கழித்து அதே விரலில் அதே சத்தம் வருவதற்கு அது மறுபடி வெளியே வந்திருக்க வேண்டும்.

சத்தம் எதுவாகவும் இருக்கட்டும், எலும்பு நகர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதையும் அளந்திருக்கிறார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டு ‘விலகுவதாக’ இத்துறையார் அதிகம் சொல்கிறார்கள். 1998-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், அந்த மூட்டில் கோளாறு என்று கண்டறியப்பட்ட பத்துப் பேரின் எலும்புக்குள் டாண்டலம் என்ற உலோகத்தின் நுண்ணிய உருண்டைகளைப் பதித்தார்கள். இரு கோணத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, மிகச் சிறிய நகர்வையும் கணக்கிட முடிகிற ஏற்பாடு அது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். மூட்டின் நிலை மாறவில்லை. இதைவிடச் சுவையான செய்தி, கையால் தடவிப் பார்த்துச் செய்யும் சோதனைகள் ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று சொன்னதுதான். மாறாத எலும்பை மாறியதாக விரல் உணர்ந்திருக்கிறது. இது ஏமாற்று வேலை அல்ல. தசையின் இறுக்கம் குறைந்தால் விரலுக்கு எல்லாமே வேறாகத்தான் படும். ஒரே முதுகைத் தனித்தனியாகத் தடவிப் பார்த்த இரண்டு நிபுணர்கள் கோளாறு எந்த இடத்தில் என்பதில் முரண்படுவதும் இத்துறை ஆய்வுகளில் அடிக்கடி காணப்படுவது. பத்துப் பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பத்தில் ஒருவருக்குக்கூட நகராதது, எல்லோருக்கும் நகர்வதாகச் சொல்லும் கொள்கைக்குப் போதுமான பதில்.

நாட்டு வைத்தியர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டி ‘ஜவ்வு விலகியிருக்கு’ என்று சொல்லும் இடத்திலும் இதே தவறு நடக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவட்டைத்தான் மக்கள் ஜவ்வு என்கிறார்கள். முதுகுவலியே இல்லாத 3110 பேரின் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கு இடைவட்டுப் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கு. நரையைப் போல வயதோடு வருவதைப் படத்தில் பார்த்து, வலிக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டினால், சுளுக்கு எடுக்கிறவர் செய்த தவறையே அதிகச் செலவில் செய்கிறோம். பிதுக்கம் நரம்பை நெருக்கும்போது கால் மரத்துப்போவது, பலம் குறைவது என்று அதற்கே உரிய அடையாளங்கள் உண்டு. அவற்றோடு படம் பொருந்தினால்தான் அதற்குப் பொருள்.

அப்படியானால் வலி ஏன் குறைந்தது? ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் சொன்ன ‘கதவுக் கொள்கை’ இதற்கு ஒரு நல்ல தொடக்கம். வலிச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில், தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் பருத்த நரம்பிழைகள் வலியின் வழியை அடக்குகின்றன. அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பது இதனால்தான். அந்தக் கொள்கையின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. தொடுதல் வலியை அடக்கும் என்ற அடிப்படை நிலைத்தது. மூளையிலிருந்து கீழிறங்கும் பாதைகளும் வலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. அச்சம் கூட்டும்; நம்பிக்கையும், ஒருவர் பொறுமையாகக் கேட்டு உடம்பைக் கவனிப்பதும் குறைக்கும். வலித்த இடத்தைச் சுற்றியுள்ள தசைகள் காவலாக இறுகிக்கொள்வதைத்தான் பிடிப்பு என்கிறோம். வலி சற்றே தணிந்ததும் அது இளகி, குனிய முடிகிறது. ஆகவே எலும்பு நகராமலேயே ஆள் எழுந்து நடக்க முடியும். ‘அப்படியென்றால் மனசுதானா எல்லாம்’ என்று இளக்காரமாகச் சொல்லத் தேவையில்லை. நரம்பில் நடப்பதும் உடம்பில் நடப்பதுதான்.

இன்னொரு வைத்தியரும் இருக்கிறார், அவர் காலம். கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப் பிறந்தவரைத் தேடிப் போய் முதுகைக் கொடுத்துப் படுப்பார்கள். அவருக்கு எலும்பைப் பற்றி எந்தப் பயிற்சியும் இல்லை. பிறந்த விதம் ஒன்றே தகுதி. இருந்தும் அந்த நம்பிக்கை தலைமுறைகளாக நிற்கிறது என்றால், மிதி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் குணமாகியிருக்க வேண்டும். ஆகத்தான் செய்திருக்கும். புதிதாக வந்த இடுப்புவலியைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2003-இல் தொகுத்தபோது, முதல் மாதத்திலேயே வலி சராசரியாக 58 விழுக்காடு குறைந்திருந்தது. வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் வைத்தியரைத் தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு வருவது இறக்கம்தான். அந்த இறக்கத்தின் பெருமையை, கடைசியாகத் தொட்ட கை வாங்கிக்கொள்கிறது. அது ஊசி போட்ட கையாக இருந்தாலும் இதே கதைதான்.

கையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரே வழி, ஒரு சாராருக்கு உண்மைச் சிகிச்சையும் மற்ற சாராருக்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்ப்பது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்யும். பிரான்சில் நீடித்த இடுப்புவலி உள்ள 400 பேரிடம் இப்படிச் செய்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு அமர்வுகள். ஒரு சாராருக்கு முறையான ஆஸ்டியோபதி, மற்றவர்களுக்கு அதே நேரம், அதே மேசை, சும்மா மெல்லத் தொடுதல். அன்றாட வேலையில் உள்ள தடையை நூறு புள்ளி அளவுகோலில் மூன்றாம் மாதம் அளந்தபோது, உண்மைச் சிகிச்சையில் 4.7 புள்ளியும் பாவனையில் 1.3 புள்ளியும் குறைந்திருந்தன. வித்தியாசம் தற்செயலானதல்ல, ஆனால் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதும் அல்ல. வலியின் அளவில் இரு சாராருக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. இதை மட்டும் வைத்து முறையையே தள்ளிவிடவும் முடியாது. 2019-இல் 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 9211 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, முதுகெலும்புக் கைவழிச் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற மற்றப் பரிந்துரைக்கப்பட்ட முறைகளுக்கு ஏறத்தாழச் சமமாகவே நின்றது. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆஸ்டியோபதியும் வழக்கமான மருத்துவமும் ஒரே பலனைத் தந்தன. ஆனால் ஆஸ்டியோபதிக்குப் போனவர்கள் குறைவான மாத்திரையே சாப்பிட்டார்கள். சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும் வலி மாத்திரையைக் கடைகளில் மிட்டாய் போல வாங்கும் நம் ஊரில் அது சின்ன லாபம் இல்லை.

‘பலன் கிடைத்தால் போதாதா, விளக்கம் எப்படி இருந்தால் என்ன’ என்பது வலுவான மறுப்பு. அடுத்து என்ன செய்வது என்பதை விளக்கம்தான் முடிவு செய்கிறது என்பது அதற்கு நான் சொல்லும் பதில். தன் எலும்பு எளிதில் நழுவக்கூடியது என்று நம்பியவர் குனியப் பயப்படுவார், தூக்கப் பயப்படுவார், மாதம் ஒருமுறை ‘உள்ளே தள்ள’ப் போவார். அசையாத முதுகு இன்னும் வலுவிழக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம் ஆகியவற்றோடு கைவழிச் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் மருந்துக் கடைகளில் தொங்கும் இடுப்பு பெல்ட்டும், கயிறு கட்டி இழுக்கும் சிகிச்சையும் வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன. நழுவும் எலும்பு என்ற கதைக்குத்தான் பெல்ட் பொருந்தும். இதைவிட ஆபத்தான விளைவும் உண்டு. எல்லா வலியும் விலகலே என்றால் எல்லாவற்றுக்கும் வெட்டே மருந்தாகிவிடும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது அபூர்வமல்ல. அரித்துப்போன எலும்பை முறுக்கினால் கால்கள் செயலிழக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களின் மெலிந்த எலும்பு சாதாரணத் தள்ளலிலேயே நொறுங்கலாம். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன. அது அரிது, ஆனால் கிடைக்கும் லாபமும் சிறியது என்பதால் கழுத்து வெட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவதே என் கணக்கில் சரி. உடைந்த எலும்பை இறுக்கிக் கட்டியதால் ரத்த ஓட்டம் நின்று அழுகிய கைகால்களை எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள்.

ஆகவே யாரிடம் போனாலும், அவர் கை வைப்பதற்கு முன் என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்ததற்குப் பின் வந்த வலி, கால் பலமிழத்தல் ஆகியவற்றைக் கேட்காமல் எண்ணெயை எடுக்கிறவரிடம் முதுகைக் கொடுக்கக் கூடாது. சிறுநீர் போவதில் திடீர் மாற்றம், அல்லது தொடையிடுக்கும் ஆசனவாயும் மரத்துப்போதல் இருந்தால் அது அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். தேனி மாவட்டத்தில் க. விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கு. இவை எதுவும் இல்லாத சாதாரணப் பிடிப்புக்கு, பிசியோதெரபிஸ்டோ அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவோ நல்ல ஆஸ்டியோபத்தோ பெரும்பாலும் ஒரே அளவு உதவுவார்கள். மூன்று நான்கு அமர்வுக்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் ஏழாவது எட்டாவதில் தெரியும் என்று நம்ப ஆதாரம் இல்லை. மாற்றம் தெரிந்தாலும், அதில் கிடைத்த சில நாள் இளக்கத்தை நடக்கவும், முதுகையும் வயிற்றையும் வலுவாக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தினால்தான் மீதம். பயிற்சி எதுவும் சொல்லிக்கொடுக்காமல் அடுத்த தேதியை மட்டும் எழுதிக் கொடுப்பவரிடம் அதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. அதற்கும் மேலே, எந்தக் கையாலும் தொட முடியாத ஒரு பங்கு இருக்கிறது: மறுநாள் ஜீப் வரும், ஏலச்சரம் தரையில்தான் கிடக்கும். குனிந்து எடுப்பவருக்கு இடையிடையே நிமிர்ந்து நடக்க எத்தனை நிமிடம், மூட்டை எத்தனை கிலோ, பந்தல் எத்தனை அடி உயரம் என்பதைத் தோட்டக்காரரும் கங்காணியும்தான் தீர்மானிக்கிறார்கள். இடுப்புவலியைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.